என் தலைமுடியும் அவள் தலைமுடியும்

செஞ்சியில் எவனுக்கும் அடுத்தவன் முகத்தைப் பார்த்துப் பேசத் தெரியாது. எனக்கு முடி கொட்ட ஆரம்பித்த நாளிலிருந்து எல்லோரும் என் நெற்றிக்கு மேலே பார்த்துத்தான் பேசினார்கள். பால் ஊற்றுகிறவர், தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர், பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மா என்று ஒருத்தர் பாக்கியில்லை. "இன்னாபா, முன்னாடி கிரவுண்டு பெருசா ஆயிட்டே போவுது?" என்று கேட்டுவிட்டு அவர்களே சிரித்துக்கொள்வார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிக்க வேண்டுமாம். சிரித்தும் தொலைத்தேன். அப்படிச் சிரித்ததற்கெல்லாம் சேர்த்து இப்போது திட்டப்போகிறேன். அதில் பாதித் திட்டு எனக்குத்தான்.

கடைவீதியில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ இருக்கிறது. பாஸ்போர்ட் சைஸ், ரேஷன் கார்டுக்குக் குடும்பப் படம், முகூர்த்த நாட்களில் கல்யாணம். பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்தோடு கொடுக்கும் போட்டோ எடுக்கத்தான் அதிகம் பேர் வருவார்கள். "அண்ணா, முன்னாடி மட்டும் கொஞ்சம் ரொப்பிடுங்க" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். கம்ப்யூட்டரில் பின்மண்டை முடியை எடுத்து முன்மண்டையில் ஒட்டுவது எனக்குப் பத்து நிமிட வேலை. இந்தத் தாலுகாவில் எத்தனை மாப்பிள்ளைகளின் தலை என் கை வேலை என்று நான் வாய் திறந்தால் பல குடும்பங்களில் சண்டை வரும்.

என் கல்யாணத்துக்கு நான் கொடுத்த போட்டோவும் அப்படிப்பட்டதுதான். வல்லத்தில் பெண் பார்க்கப் போனபோது அவள் காபித் தட்டோடு வந்து என்னைப் பார்த்தாள், பிறகு கொஞ்சம் மேலே பார்த்தாள். முடிந்தது கதை என்று நினைத்தேன். கல்யாணம் ஆகி ஒரு வாரம் கழித்துத்தான் கேட்டாள்: "போட்டோவுல இருந்த முடி எந்த ஊர்லேர்ந்து வாங்கினீங்க?" அதோடு விட்டுவிட்டாள். அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. அவள் அப்பாவுக்கும் வழுக்கை, என் நைனாவுக்கும் வழுக்கை. நைனா சிங்கவரத்தில் கொல்லையில் பயிர் பார்த்துக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சாகும்வரைக்கும் கண்ணாடியை முகம் மழிக்க மட்டும் பார்த்த ஆள். எனக்குத்தான் கொழுப்பு.

அவள் இங்கே ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அந்தப் பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். நாற்காலி வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பையனின் தாயார் வந்து, "மேடம், உங்க அப்பாவா? ரொம்ப சந்தோசம்" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அந்த அம்மாளை ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து இவளிடம் எரிந்து விழுந்தேன், இரண்டு நாள் பேசவில்லை. சிரிப்பு வந்தால் சிரிப்பார்கள், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்பது இப்போது தெரிகிறது. அன்று மண்டையில் ஏறவில்லை.

அடுத்த வாரம் திருவண்ணாமலை ரோட்டில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் புதிதாகத் திறந்திருந்த முடி சிகிச்சை நிலையத்துக்குப் படியேறினேன். ஏசி, கண்ணாடிக் கதவு, மீன் தொட்டி. சுவர் முழுக்க 'முன்பு', 'பின்பு' என்று ஜோடி ஜோடியாகப் போட்டோ. அந்த இடத்தில்தான் நான் திரும்பி இறங்கியிருக்க வேண்டும். ஏனென்றால் 'முன்பு' படம் எல்லாம் உச்சிக்கு நேர்மேலே விளக்கை வைத்து, தலையை ஈரமாக்கி எடுத்தவை. 'பின்பு' படமெல்லாம் காய்ந்த தலை, பக்கவாட்டில் இதமான வெளிச்சம். வேறு எவனாவது ஏமாந்திருந்தால் பாவம் என்று விடலாம். இதே வேலையை வைத்துச் சோறு சாப்பிடுகிற நான், அந்தச் சுவரைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அங்கே டாக்டர் கிடையாது. சட்டையில் ஆலோசகர் என்று பட்டை குத்திய ஒரு ஆள் இருந்தான். சிரித்தபடியே இருந்தான், அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. செல்போனில் என் உச்சந்தலையைப் படம் பிடித்தான். சென்னையில் இருக்கிற டாக்டர் என்று ஒருவரைத் திரையில் காட்டினான். அவர் வணக்கம் சொன்னார், தலையைக் காட்டச் சொன்னார், நான் குனிந்தேன், நிமிர்வதற்குள் போய்விட்டார். இங்கிலீஷில் ஒரு படிவம் கொடுத்தார்கள், படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். தினமும் ஒரு மாத்திரை, தலையில் தடவ ஒரு மருந்து.

மாத்திரையால் முடி கொட்டுவது நின்றது, அதை மறைக்க மாட்டேன். நான்கைந்து மாதத்தில் சீப்பில் வருவது குறைந்தது. கூடவே வேறொன்றும் நின்றது. ராத்திரியானால் அவள் பக்கம் திரும்பவே தோன்றவில்லை. காலையில் எழுந்தால் அடித்துப் போட்டதுபோல அலுப்பு. அந்த மாத்திரையால் எல்லோருக்கும் அப்படி ஆகாது, ஒரு சிலருக்குத்தான் ஆகும் என்று பிற்பாடு ஒரு டாக்டரம்மா சொன்னார். அந்த ஒரு சிலரில் நான் இருந்தேன். அவளிடம் வேலை அலுப்பு என்றேன். அவள் நம்பினாள். அவளுக்கு நம்புவது சுலபமாக வரும், அதை நான் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

ஆலோசகனிடம் போய் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு தீர்ந்திருக்கும். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், இதெல்லாம் இப்ப எல்லாருக்கும் இருக்குது. டென்ஷன், சாப்பாடு. ஆம்பள ஹார்மோன் எறங்கிடுது. டெஸ்ட் எடுத்துடலாம்" என்றான். அங்கேயே ரத்தம் எடுத்தார்கள். அப்போது மதியம் மூன்று மணி, பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தேன். அந்தச் சோதனையைக் காலையில் வெறும் வயிற்றில், அதுவும் இரண்டு தடவை எடுத்துப் பார்க்க வேண்டுமாம். இதுவும் பிற்பாடு தெரிந்ததுதான். ரிசல்ட்டில் 'குறைவு' என்று சிவப்பில் வட்டம் போட்டிருந்தான். பதினைந்து நாளுக்கு ஒரு ஊசி என்று ஆரம்பித்தார்கள். படிவத்தில் கல்யாணம் ஆகிவிட்டதா என்று ஒரு கட்டம் இருந்தது, டிக் அடித்தேன். குழந்தை வேண்டுமா என்று கேட்க ஒரு கட்டம் இல்லை, வாயாலும் ஒருத்தரும் கேட்கவில்லை.

ஊசி போட்ட இரண்டாவது மாதம் நான் ராஜா ஆகிவிட்டேன். கல்யாணத்துக்கு முன் எடுக்கிற ஜோடிப் படத்துக்காக ஒரு மாப்பிள்ளையையும் பெண்ணையும் ராஜகிரிக் கோட்டைக்கு அழைத்துப் போனபோது, கேமரா மூட்டையோடு நான் மேலே போய் நின்றுகொண்டு, பாதிப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அந்த மாப்பிள்ளையைக் கேலி செய்தேன். தாடி அடர்த்தியாக வந்தது. கோபமும் அடர்த்தியாக வந்தது. போட்டோ சரியில்லை என்று சொன்ன ஒரு வாடிக்கையாளரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினேன். வீட்டில் குழம்பில் உப்பு குறைந்தால் தட்டு பறக்கும். ஊசி மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்க்கவில்லை, தட்டை எறிந்த கை என்னுடையதுதான்.

இதில் வேடிக்கை, முடி மறுபடி கொட்ட ஆரம்பித்தது. எந்த ஹார்மோனின் வேலையைத் தடுத்து முடியைக் காப்பாற்றுவதற்கு மாத்திரை கொடுத்தார்களோ, அதையே ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு கையால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இன்னொரு கையால் குழாயைத் திறந்துவிட்ட கதை. ஆலோசகன் சிரித்தான். மாத்திரையோடு இன்னொரு மாத்திரை, அதோடு என் ரத்தத்தையே எடுத்து மிஷினில் சுற்றி என் மண்டையில் குத்துகிற வைத்தியம் என்று நீட்டிக்கொண்டே போனான். என் தலையில் நன்றாக மிளகாய் அரைத்தான். நானும் காரம் தெரியாமல் குனிந்து குனிந்து காட்டினேன்.

அவளிடம் முதுகுவலிக்கு வைட்டமின் ஊசி போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன். மாத்திரைகள் ஸ்டுடியோவில் ஒரு பழைய லென்ஸ் பெட்டிக்குள் இருந்தன. முடிக்கு வைத்தியம் பார்க்கிறேன் என்று சொல்ல ஒரு ஆம்பளைக்கு இவ்வளவு கூச்சமா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். உங்களில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறீர்கள் என்று நானும் கேட்பேன்.

கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிந்தது. குழந்தை இல்லை.

எங்கள் தெருவில் குழாயடிதான் பேப்பர், டிவி எல்லாம். அம்மா குடத்தை வைத்துவிட்டு ஆரம்பித்துவிடுவாள். "வந்தவளுக்கு இன்னும் வயிறு தெறக்கலயே. எம் புள்ள கல்லு மாதிரி இருக்கறான், ஒரு நாள் தலவலின்னு படுத்ததில்ல. இவளுக்குத்தான் உள்ள இன்னாவோ கோளாறு." ஊசி கொடுத்த தாடியையும் மார்பையும் பார்த்துவிட்டுத்தான் அம்மா 'கல்லு மாதிரி' என்றாள். என் பெண்டாட்டி பள்ளிக்கூடம் போகிற நேரத்தில், அவள் காதில் விழுகிற மாதிரியே இது நடக்கும். அவள் தலையைக் குனிந்துகொண்டு அந்தக் குடங்களைத் தாண்டிப் போவாள். ஒருநாள் என்னிடம், "அத்தைய கொஞ்சம் சத்தம் கம்மியா பேச சொல்லுங்க, பசங்களோட அம்மாங்கல்லாம் அங்கதான் தண்ணி புடிக்கறாங்க" என்றாள். நான் சொல்லவில்லை. அம்மா பேச்சு அப்படித்தான், காதில் வாங்காதே என்று பூசி மெழுகினேன்.

அவளாகவே விழுப்புரத்துக்குப் போய் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தாள். ஸ்கேன், ரத்தம், பிறகு கருக்குழாயில் மருந்தைச் செலுத்தி அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. அந்தச் சோதனை முடிந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாளாம். வலியா என்று நான் கேட்டதற்கு, "ஆமா" என்று மட்டும் சொன்னாள். எல்லாமே சரியாக இருந்தது. சீட்டின் கடைசியில் 'கணவருக்கு விந்துப் பரிசோதனை' என்று எழுதியிருந்தார்கள். "ஆம்பளைக்கு இன்னாத்துக்குடீ டெஸ்டு? அவனுக்கு இன்னா கொறச்சல்?" என்று அம்மா சண்டைக்கு வந்தாள். முகூர்த்த சீசன், நேரமில்லை என்று நான் அந்தச் சீட்டை ஸ்டுடியோ மேசைக்குள் போட்டுப் பூட்டினேன்.

பூட்டிவிட்டு அன்றைக்கே போனில் தேடிப் பார்த்தேன். அதுவரை ஒரு தடவைகூடத் தேடாதவன், அன்றைக்குத் தேடினேன். வெளியிலிருந்து ஆண் ஹார்மோன் ஏற்றினால் உடம்பு தன் வேலையை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும், ஒன்றுமே இல்லாமல்கூடப் போகும் என்று தமிழிலேயே தெளிவாக இருந்தது. மூன்று இடத்தில் படித்தேன். மூன்றிலும் அதேதான்.

அதற்குப் பிறகும் ஊசி போட்டேன். இதைத்தான் நான் எழுதவேண்டும் என்று உட்கார்ந்தது, மற்றதெல்லாம் முன்னால் வருகிற சப்பைக்கட்டு. நிறுத்தினால் பழைய அலுப்பு வந்துவிடும் என்று பயம். சொன்னால் ஊசி எதற்கு என்று கேட்பாள், மாத்திரை எதற்கு என்று கேட்பாள், முடிக்காகவா என்று சிரிப்பாள் என்று பயம். இன்னும் ஒரே ஒரு மாதம், இன்னும் ஒரு ஊசி, பிறகு யாருக்கும் தெரியாமல் நிறுத்திவிடலாம், தானாகச் சரியாகிவிடும், குழந்தை பிறந்தால் எல்லாம் மறந்துபோகும் என்று கணக்குப் போட்டேன். இப்படி மூன்று அமாவாசை போனது.

நான்காவது அமாவாசைக்கு அம்மா மேல்மலையனூருக்குக் கிளம்பச் சொன்னாள். அங்காளம்மனுக்கு இவள் முடி கொடுத்தால் வயிற்றில் தங்கும் என்று யாரோ சொன்னார்களாம். அம்மா மனதில் இருந்தது பூமுடி. பெண்களுக்கு உச்சியில் மூன்று கொத்து மட்டும் வெட்டிக் கொடுப்பது, பின்னலுக்குள் மறைந்துவிடும். இவளுக்குப் பின்னல் இடுப்புக்குக் கீழே வரும். காலையில் பள்ளிக்குப் போகிற அவசரத்தில் அதைப் பின்னி முடிக்கக் கை வலிக்கிறது என்று என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்வாள்.

அமாவாசை ஸ்பெஷல் பஸ்ஸில் காலையிலேயே போய்ச் சேர்ந்தோம். முடி காணிக்கை மண்டபத்தில் தரையெல்லாம் ஈரம், பிளேடு சத்தம், குழந்தைகளின் அலறல். டோக்கனைக் கொடுத்துவிட்டு அவள் பலகையில் உட்கார்ந்தாள். முடி எடுக்கிறவர் தலையில் தண்ணீரைத் தெளித்துவிட்டு, "பூமுடியாம்மா?" என்றார்.

"ஆமா, பூமுடி போதும்" என்றாள் அம்மா.

"முழுசா எடுத்துடுங்க" என்றாள் அவள்.

அம்மாவே திகைத்துப்போனாள். "அறிவு கெட்டவளே, டீச்சர் வேலைக்குப் போறவ, மொட்டையோட போவியா?"

"குடுக்கறதுன்னா முழுசா குடுக்கலாம் அத்த. அப்பால கொறச்சி குடுத்தேன்னு நானே நெனச்சிக்கக் கூடாது."

முடி எடுக்கிறவர் பின்னலைப் பிரித்து, இரண்டாகப் பிரித்து முடிச்சுப் போட்டார். பிளேடை மாற்றும்போது என்னைப் பார்த்து, "சார் நீங்களும் உக்காருங்களேன், ஜோடியா குடுத்தா நல்லது" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "அவனுக்கு வாணாம். கடைல நாலு பேரு வந்து போற எடம். இருக்கறதே கொஞ்சோண்டு, அதுவும் போயிடுச்சின்னா?"

நான் உட்காரவில்லை. மூன்று நாளுக்கு முன்னால்தான் மண்டையில் ரத்த ஊசி குத்தியிருந்தார்கள், பிளேடு படக்கூடாது என்று ஆலோசகன் சொல்லியிருந்தான். கோயில் மண்டபத்தில் என் பெண்டாட்டி தலை குனிந்து உட்கார்ந்திருக்க, நான் அவன் சொன்னதை நினைத்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை போதும். நிறுத்துங்க, கோளாறு எனக்கு என்று சொன்னால் அந்தக் கை நின்றிருக்கும். முதல் முடிச்சு அவள் மடியில் விழுந்தது. அவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு உண்டியல் பெட்டிக்காரரிடம் கொடுத்தாள். பிறகு இரண்டாவது முடிச்சு. சந்தனம் பூசிய தலையோடு எழுந்து என்னைப் பார்த்து, "எப்படி இருக்கறேன்?" என்று கேட்டாள். நல்லா இருக்குது என்றேன்.

திங்கட்கிழமை துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். எட்டாம் வகுப்புப் பையன்கள் போர்டில் ஒரு வட்டம் வரைந்து வைத்திருந்தார்களாம். அதைத் துடைக்காமல், அதற்கே விட்டமும் ஆரமும் போட்டுப் பாடம் நடத்திவிட்டு வந்தாளாம். அதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா, "இன்னாம்மா, கேன்சரா?" என்று கேட்டபோது மட்டும் அழுதிருக்கிறாள். அந்த வாரம் முடிவதற்குள் என் முன்னால் வந்து நின்றாள். "நான் குடுக்க வேண்டியத குடுத்துட்டேன். இப்ப நீங்க டெஸ்டுக்கு வாங்க." இதற்கு என்னால் முகூர்த்த சீசன் என்று சொல்ல முடியவில்லை.

விழுப்புரத்தில் காலையில் விந்தும் ரத்தமும் எடுத்துக்கொண்டார்கள். டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். தாடியைப் பார்த்தார், தோளைப் பார்த்தார். "ஜிம்முக்குப் போறீங்களா? ஊசி ஏதாவது போடறீங்களா?"

"இல்ல மேடம்."

"முதுகுவலிக்கு வைட்டமின் ஊசி போடறாரு மேடம்" என்றாள் என் பெண்டாட்டி. ஒளிக்காமல் சொல்ல வேண்டுமே என்று சொன்னாள்.

"எந்த வைட்டமின்? சீட்டு இருக்குதா?"

கடையில் இருக்கிறது என்றேன். டாக்டரம்மா எதையோ எழுதிக்கொண்டார், மறுநாள் வரச் சொன்னார்.

மறுநாள் இரண்டு ரிப்போர்ட்டையும் மேசையில் எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். விந்தணு ஒன்றுகூட இல்லை. "இங்க பாருங்க. ஆண் ஹார்மோன் எக்கச்சக்கமா இருக்குது. ஆனா அத சுரக்கச் சொல்லி மூளையிலேர்ந்து போற உத்தரவு சுத்தமா நின்னுபோயிருக்குது. வெளியிலேர்ந்துதான் வருதேன்னு ஒடம்பு கடைய சாத்திடுச்சி. வைட்டமின் இந்த வேலைய பண்ணாதுப்பா. எங்க போட்ட, எதுக்குப் போட்ட?" முந்தின நாள் 'நீங்க' என்றவர் அன்றைக்கு 'நீ' என்றார்.

முடிக்கு மாத்திரை, அதனால் அலுப்பு, அதனால் ஊசி என்று சொன்னேன். எவ்வளவு சின்னதாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு சின்னதாகச் சொன்னேன். டாக்டரம்மா கொஞ்ச நேரம் என் பெண்டாட்டியின் துப்பட்டாவைப் பார்த்தார். முடி கொட்ட ஆரம்பித்ததிலிருந்து என் தலையைப் பார்க்காமல் பேசிய முதல் வெளியாள் அவர்தான். ஊசியை நிறுத்த வேண்டும், தன் கண்காணிப்பில் மருந்து எடுக்க வேண்டும், பெரும்பாலும் திரும்ப வரும், மாதக்கணக்கில் ஆகும், ஒரு வருஷம்கூட ஆகும், வரும் என்று தன்னால் எழுதிக் கொடுக்க முடியாது என்றார். என் பெண்டாட்டியிடம், "உனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆரம்பத்திலேர்ந்தே ஒண்ணும் இல்ல" என்றார்.

ஊசியை நிறுத்திப் பத்து மாதம் ஆகிறது. போன தடவை ரிப்போர்ட்டில் கொஞ்சம் தெரிகிறது என்றார்கள். முடி போய்விட்டது, இப்போது நானும் நைனா மாதிரிதான். அந்த மாடிக்கடை வேறு ஊருக்குப் போய்விட்டது, அங்கே எந்த மடையன் குனிந்துகொண்டிருக்கிறானோ தெரியாது. அவள் என்னோடுதான் இருக்கிறாள். மன்னித்துவிட்டாளா என்று என்னைக் கேட்காதீர்கள், நானே கேட்கவில்லை.

ரிப்போர்ட் வாங்கிய அன்று விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் செஞ்சி பஸ்ஸுக்கு நிற்கும்போது ஊசியைப் பற்றி ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். எவ்வளவு நாளாக, ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டால் சொல்லப் பதில்கள் தயாராக இருந்தன. அவள் கேட்டது வேறு.

"இந்த ஊசியாலதான் கொளந்த இல்லன்னு உங்களுக்கு எப்ப தெரியும்?"

இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் இருந்தது. டாக்டரம்மாவுக்குக்கூடத் தெரியாத விஷயம், எந்தச் சோதனையிலும் அகப்படாது. அவள் துப்பட்டா நழுவி, புள்ளிபுள்ளியாக முளைத்த முடி வெயிலில் தெரிந்தது. அவள் அதைச் சரிசெய்துகொள்ளாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மலையனூருக்குப் போறதுக்கு முன்னாடியே தெரியும்" என்றேன்.

பஸ் வந்தது, பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். செஞ்சி வரும்வரை நான் அவள் துப்பட்டாவின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இறங்கி எனக்கு முன்னால் நடந்தாள்.

சாயங்காலம் தண்ணீர் விடுகிற நேரம். குழாயடியில் ஏழெட்டுப் பேர். எங்கள் வாசலிலேயே அம்மா நின்றிருந்தாள். "இன்னா சொன்னாங்க? இவளுக்கு இன்னா கோளாறாம்?" என்று தெரு முனைக்குக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

நான் அம்மாவைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய், கதவை ஒருக்களித்துவிட்டு, கோளாறு எனக்குத்தான் என்றேன். முடிக்காக ஊசி போட்டேன், அதில் போய்விட்டது, அவளுக்கு ஒன்றுமில்லை என்றேன். அம்மா உடனே என் வாயைப் பொத்தினாள். என் அம்மா அவ்வளவு சின்னக் குரலில் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. "மெதுவாடா. வெளிய கேக்கப்போவுது. நாலு பேரு இன்னா நெனப்பாங்க?"

என் பெண்டாட்டி அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அம்மா சொன்னது காதில் விழுந்துவிட்டது. துப்பட்டாவை எடுத்து நாற்காலி மேல் போட்டாள். திரும்பிப் போய் வாசல் கதவு இரண்டையும் விரியத் திறந்தாள். குழாயடி முழுக்க எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தது.

"இத்தன நாளும் அத்த எனக்குக் கோளாறுன்னு கொழாயடில சொன்னாங்க, அங்க இருக்கற அத்தன பேருக்கும் கேட்டுச்சி" என்றாள். "இதையும் அவங்களுக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க."

அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், வேண்டாம் என்று தலையாட்டினாள். நான் வாசலுக்கு வந்து சொன்னேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"கேக்கல" என்றாள் என் பெண்டாட்டி.

இன்னொரு தடவை சொன்னேன்.